நாற்பது வீட்டுப் பால் கணக்கை நானூறு சர்வருக்குக் கொண்டுபோவது எப்படி?

பால் கணக்கு எழுத ஒரு செயலி செய்திருக்கிறீர்கள். நாற்பது வீடுகள், அதில் பதினொன்று உங்கள் சொந்தக்காரர்கள் வீடு. ஒரே சர்வர், ஒரே டேட்டாபேஸ், ஆறு மாதமாக ஒரு புகாரும் இல்லை. இந்த அவமானத்திலிருந்து மீள ஆறு வழிகள்:

1. உடையுங்கள். பால் அளக்க ஒரு சர்வீஸ், பில் போட ஒரு சர்வீஸ், பில்லில் 'திரு', 'திருமதி' சேர்க்க ஒரு சர்வீஸ். 2023இல் அமேசான் பிரைம் வீடியோவில் ஒரு குழு, உடைத்து வைத்திருந்த கண்காணிப்புக் கருவியை மறுபடி ஒன்றாக்கி, செலவில் 90 சதவீதத்தை மிச்சம் பிடித்தது. அற்பர்கள்!

2. டேட்டாபேஸைப் பங்கு பிரியுங்கள். பெயரின் முதலெழுத்துக்கு ஒரு ஷார்ட். 'ச'வும் 'ம'வும் மூச்சு முட்டும். 'ங' ஷார்ட் ஈ ஓட்டும். வாடகை மூன்றுக்கும் ஒன்றுதான்.

3. நெட்வொர்க் அறுந்தே போகாது என்று நம்புங்கள். அறுந்தால், சரியான பதில் அல்லது எப்படியாவது ஒரு பதில், இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று 2000இல் எரிக் புரூவர் சொன்னார். 2002இல் கில்பர்ட்டும் லின்ச்சும் நிரூபித்தார்கள். அவர்கள் முதலீட்டாளரைச் சந்திக்கப் போனவர்கள் அல்லர். 2018 அக்டோபரில் கிட்ஹப்பின் சர்வர்களுக்கு இடையே இணைப்பு 43 நொடி அறுந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரை டேட்டாபேஸில் ஒரு கணக்கு, மேற்குக் கரையில் வேறு கணக்கு. சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. முக்கால் நிமிடப் பிரிவுக்கு ஒரு நாள் பஞ்சாயத்து!

4. பதில் வராவிட்டால் விடாமல் கேளுங்கள். மூன்று சர்வீஸ்கள் வரிசையாக நின்று, ஒவ்வொன்றும் மும்முறை முயன்றால், கடைசியில் நிற்கும் டேட்டாபேஸை 27 முறை தட்டலாம். மயங்கி விழுந்தவரை ஊரே சூழ்ந்துகொண்டு காற்றை மறைப்பதற்கு இதுதான் கணினி வடிவம். ஒரே பணத்தை இருமுறை வசூலிக்கும் வாய்ப்பும் உண்டு.

5. பேக்கப் எடுங்கள், திரும்ப ஏற்றிப் பார்க்காதீர்கள். 2017 ஜனவரி 31 இரவு கிட்லாபில் ஒருவர், ரெப்ளிகா என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸையே அழிக்க ஆரம்பித்தார். சுதாரிப்பதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிச்சம். வகைவகையான பேக்கப் ஏற்பாடுகள் கைவிட்டன. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்த நகல்தான் கை கொடுத்தது. உங்களுக்கும் அதிர்ஷ்டம் இருக்கும்.

6. 2012இல் வாட்ஸ்அப் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிய கதையை அலுவலகத்தில் யாரும் எடுக்கக் கூடாது. அந்தக் கணக்கில் உங்கள் நாற்பது வீட்டுக்கு ஒரு சர்வரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு போதும்.

எல்லாம் முடிந்ததும் சித்தப்பா போன் செய்வார்: "தம்பி, ஒரு லிட்டருக்கு ரெண்டு தடவ காசு புடிச்சிருக்குடா."

"அதுக்குப் பேரு ஈவென்ச்சுவல் கன்சிஸ்டன்சி சித்தப்பா. கடைசில எல்லாக் கணக்கும் ஒண்ணாயிரும்."

"கடைசின்னா எப்போ?"

இந்தக் கேள்விக்கு அந்தத் தத்துவத்தில் பதில் கிடையாது. காசைக் கையில் கொடுத்துவிடுங்கள்.