தொட்டில் கட்டும் கனவான்

படகு வைத்திருக்கும் மனிதர்களை, படகில் ஏறிப் போகிறவர்கள் என்றும், படகுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவர்கள் என்றும் இரண்டு ஜாதியாகப் பிரித்துவிடலாம். முன்னவர்களைப் பற்றிப் புத்தகங்கள் ஏராளம். புயல், பனிமூட்டம், திசைமாறிய காற்று என்று சம்பவங்களைச் சமுத்திரமே தயாரித்துக் கொடுத்துவிடுவதால் எழுதுகிறவனுக்கும் சிரமமில்லை. பின்னவர்களோ, சமுத்திரத்தின் உதவி சிறிதும் இன்றி, தங்களுக்கு வேண்டிய சகல ஆபத்துக்களையும் வீட்டுக் கொல்லையிலேயே சொந்தப் பிரயத்தனத்தால் உண்டாக்கிக்கொள்ளும் சுயபலம் படைத்தவர்கள். ஆயினும் அவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இந்த அநீதியைக் கொஞ்சமாவது பரிகரிக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் ஜில்லாவில், டெபன் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி உட்பிரிட்ஜ் என்றோர் ஊர் இருக்கிறது. கடலின் ஏற்றவற்றத்தைக் கொண்டு மாவரைக்கும் மில் ஒன்று அவ்விடத்தில் இருந்ததாக 1170-ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருக்கிறது. அதன் வாரிசான கட்டடம் இன்றும் ஆற்றோரத்தில் நிற்கிறது. நாளில் பாதி நேரம் ஆறாகவும் மீதி நேரம் சேறாகவும் காட்சி தரும் அத்தகைய ஊரில், படகைத் தண்ணீரில் விடுவதற்கு எவ்வளவு காரணம் உண்டோ, விடாமல் இருப்பதற்கும் அவ்வளவு காரணம் உண்டு. அங்கே நான் சில காலம் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், இரண்டாம் ஜாதியின் சகல லட்சணங்களும் ஒருங்கே பொருந்திய ஒரு மகா புருஷர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; நெடிய உருவம்; காதில் பென்சில்; சட்டைப்பையில் மடக்குக் கோல்; எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் அதன் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

அவருடைய படகு, ஜாக் ஹோல்ட் என்னும் நிபுணர் 1949-இல் வகுத்துக் கொடுத்த ஜி.பி.14 என்ற வகையைச் சேர்ந்தது. நீளம் 14 அடி, அகலம் 5 அடி, பாயும் மரமும் இல்லாமல் வெறும் உடல் மட்டும் ஏறக்குறைய 133 கிலோ. இந்த வகைப் படகுகளின் பாயில் ஒரு மணிச் சின்னம் இருக்கும். வேல்ஸ் தேசத்து அபர்டோவி என்னும் கடற்கரை ஊருக்காக முதலில் வகுக்கப்பட்டது என்பதும், கடல்கொண்ட ஒரு நாட்டின் கோயில் மணிகள் அவ்வூருக்கு எதிரே தண்ணீருக்கடியில் இன்றும் ஒலிப்பதாக ஐதிகம் இருப்பதும் அதற்குக் காரணம். கடல்கோள் கதைகளைக் கேட்டு வளர்ந்த தமிழனாகிய எனக்கு இந்த வரலாறு மிகவும் ருசித்தது. ஆனால் அந்தப் பாய் விரிந்து நான் பார்த்ததில்லை. அது மச்சில், அந்துருண்டைகளுக்கு நடுவே, சுகமாக உறங்கிக்கொண்டிருந்தது.

சங்கதி மிகவும் அற்பமாகத்தான் ஆரம்பித்திருக்கிறது. படகின் அடிப்பக்கத்தில் பெயிண்ட் உரிந்துவிட்டது. சுரண்டிப் பூச வேண்டும். அதற்குப் படகைக் கவிழ்க்க வேண்டும். 133 கிலோவைக் கவிழ்க்க நாலு பேர் வேண்டும். முதல் வருஷம் அண்டைவீட்டார் மூவர் சந்தோஷமாக வந்து கை கொடுத்தார்கள். அடுத்த வருஷம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கனவான் வாசற்படியில் தோன்றிய மாத்திரத்தில், அந்த வீதியே தேவாலயத்துக்குப் போய்விட்டது. அவ்வளவு பக்தி அவ்வூரில் அதற்கு முன்னும் பின்னும் காணப்பட்டதில்லை என்று அவர் மனைவியார் சொல்லுவார். அன்றைக்குத்தான் அவருக்கு ஞானோதயம் ஏற்பட்டது: ஒரே மனிதன், பிறர் தயவின்றி, படகைத் தூக்கி வைக்கவும், உருட்டிச் செல்லவும், புரட்டவும் தக்கதாக, சக்கரங்களோடு கூடிய ஒரு மரத்தொட்டிலை நிர்மாணித்துவிட்டால் என்ன?

இப்படிப்பட்டவர்களுக்குச் சாஸ்திரம் தெரியாது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. தெரிந்திருப்பதுதான் அவர்களுடைய கஷ்டம். படகின் பாரம் முழுவதும் நடு அடிக்கட்டையின் மேல்தான் இறங்க வேண்டும், பக்கத்து முட்டுகள் அது சாயாமல் அணைத்துக்கொள்ள மாத்திரமே உரியவை, முட்டுகளும் உள்ளே குறுக்குத் தடுப்பு இருக்கும் பலமான இடங்களுக்கு நேராகவே அமைய வேண்டும், இல்லாவிட்டால் மெல்லிய பலகை உள்ளே அமுங்கிவிடும் என்பதையெல்லாம் அவர் எனக்குக் காலைப் பலகாரத்தின்போது ரொட்டித் துண்டுகளை வைத்து விளக்கியிருக்கிறார். முட்டின் வளைவு படகின் வளைவோடு இசைய வேண்டுமல்லவா? அதற்காக அட்டையைப் படகோடு சேர்த்துப் பிடித்து, காம்பஸின் ஒரு காலைப் படகின் மேலும் பென்சில் காலை அட்டையின் மேலும் ஓட்டிக் கோடு இழுத்து, வெட்டி, மறுபடி வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டினார். இவ்வாறு தயாரித்த இடப்பக்கத்து அட்டை வலப்பக்கத்துக்குக் கால் அங்குலம் பொருந்தவில்லை. வேறொருவராக இருந்தால் அட்டையைச் சந்தேகிப்பார். இவர் படகைச் சந்தேகித்தார். படகைக் கட்டியவரைச் சந்தேகித்தார். கடைசியில் மோட்டார்க் கொட்டகையின் தரையே சமமில்லை என்று கண்டுபிடித்த அன்று அவர் முகத்தில் தாண்டவமாடிய ஆனந்தத்தை, கொலம்பஸ் கரையைக் கண்டபோது அடைந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

முட்டுகளுக்குக் கம்பளம் ஒட்ட வேண்டியிருந்தது, படகில் கீறல் விழாமல் இருப்பதற்காக. மாடிப்படியின் மேல்மூன்று படிகளில் கம்பளம் காணாமற்போனதை மனைவியார் இருட்டில் காலால் கண்டறிந்தார். அதற்குப் பிற்பாடு, கம்பளம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பலகையை உளுக்கச் செய்யும் என்று கனவானே தேர்ந்து தெளிந்து, அதை உரித்துவிட்டு ரப்பர் ஒட்டினார். கம்பளம் படிக்குத் திரும்பவில்லை.

சக்கரங்களைப் பற்றி அவர் செய்த விசாரணை ஒரு தனி வியாசத்துக்கு உரியது. நாலு சக்கரம் உள்ள வண்டியின் பாரத்தை நாலால் வகுக்கலாகாது, மூன்றால்தான் வகுக்க வேண்டும். ஏனெனில் மேடுபள்ளமான தரையில் ஏதாவது ஒரு சக்கரம் எந்நேரமும் அந்தரத்தில் நின்று சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். இது பொறியியலார் ஒப்புக்கொண்ட நியாயம். பல கமிட்டிகளில் நான் நேரிலும் கண்ட நியாயம். நம் கனவான் இதோடு நிற்கவில்லை. படகின் பாரத்தோடு தொட்டிலின் பாரம், உபகரணப் பெட்டியின் பாரம், வேலை செய்யும்போது தாம் அதன்மேல் சாய்ந்தால் தம்முடைய பாரம், அச்சமயம் பார்க்க வந்த விருந்தாளியும் சாய்ந்தால் அவருடைய பாரம் ஆகிய அனைத்தையும் கூட்டி, அதை மூன்றால் வகுத்து, வந்த தொகையை மன நிம்மதிக்காக இரட்டித்து, அதற்குத் தக்க சக்கரங்களைத் தருவித்தார். ஒவ்வொரு சக்கரமும் தனித்து நின்றே படகைத் தாங்கும். ஆனால் கொட்டகைக்கு வெளியே இருந்ததோ சரளைக்கல் பாதை. முதல் ஊர்வலத்திலேயே நான்கு சக்கரங்களும் சரளையில் புதைந்து, பூமாதேவியைத் தவிர வேறு யாருக்கும் தாங்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்பதைத் தெரிவித்துவிட்டன.

சாதாரண மனிதன் இவ்விடத்தில் மனம் உடைவான். தொட்டில் கட்டும் கனவானுக்கோ தடங்கல் என்பது புதிய வேலைக்கு வந்த அழைப்பிதழ். சிமெண்டுப் பாதை போடத் தீர்மானித்தார். சிமெண்டுக் கலவை முழுப் பலத்தை அடைய 28 நாள் வேண்டும் என்பது கணக்கு. இறுகுவதற்கு முன்னே உறைபனி விழுந்தால் கெட்டுப்போகும் என்பதால் குளிர்காலத்தில் போட முடியாது. வசந்தத்தில் போட்டார். ஊரில் மற்றப் படகுகளெல்லாம் ஏப்ரல் மாதத்தில் ஆற்றில் இறங்கி வெள்ளைப் பாய்களை விரித்த நேரத்தில், இவர் சாக்கை நனைத்துச் சிமெண்டின்மேல் போட்டுக்கொண்டிருந்தார். பரிதாபப்பட்டு ஏதோ சொன்னேன். "அவர்களா? படகைத் தண்ணீரில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள், நண்பரே!" என்றார் அவர், அளவற்ற இரக்கத்தோடு.

பாதையும் முடிந்தது. பிறகு தொட்டிலின் உயரம் தம் முழங்கைக்குச் சரியாக இல்லை என்று திருகு வைத்து ஏற்றி இறக்கும்படி செய்தார். பிறகு படகைச் சுற்றி இரண்டு பெரிய மரவளையங்களைப் பூட்டி, ஒரு கையால் தள்ளினாலே படகு புரளும்படி செய்தார். உண்மையைச் சொல்ல வேண்டும்: அது அற்புதமாகப் புரண்டது. அந்தப் படகு எத்தனையோ தடவை கவிழ்ந்து நிமிர்வதை நான் பார்த்தேன். வந்தவர்களுக்கெல்லாம் புரட்டிக் காட்டுவார். தண்ணீரில் கால் வைக்காமலே அவ்வளவு தடவை கவிழ்ந்த படகு அந்தக் கரையில் வேறு இராது. தொட்டிலின் சட்டங்களுக்கு ஐந்து கோட் வார்னிஷ். அதன்மேல் வீற்றிருந்த படகின் அடியில் பெயிண்ட் உரிந்தது உரிந்தபடியே இருந்தது. அதைச் சுட்டிக்காட்ட எனக்கு நாக்கு எழவில்லை. வாடகை கொஞ்சம் பாக்கி இருந்தது.

ஆற்றுக்கு அக்கரையில் சட்டன் ஹூ என்னும் மேடு இருக்கிறது. 1939-இல் பேசில் பிரவுன் என்பவர் அங்கே ஒரு மண்திட்டைத் தோண்டியபோது, ஏழாம் நூற்றாண்டில் ஓர் அரசனோடு புதைக்கப்பட்டதென்று கருதப்படும் 27 மீட்டர் நீளமுள்ள கப்பலின் அச்சு மணலில் அகப்பட்டது. மரமெல்லாம் மக்கிப்போய், இரும்பு ஆணிகளும் பலகை கிடந்த தடமும் மாத்திரம் வரிசை குலையாமல் எஞ்சியிருந்தன. உள்ளே இருந்த தலைக்கவசமும் பொன்னும் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. அந்த மேட்டின்மேல் என்னோடு நின்றவர்களில் சிலர் மரணத்தைப் பற்றியும், சிலர் பொன்னைப் பற்றியும் சிந்தித்தார்கள். நம் கனவான் ஆற்றிலிருந்து மேடு வரைக்கும் உள்ள சரிவையே நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இவ்வளவு தூரம் இதை இழுத்து வந்திருக்கிறார்கள், சரியான தாங்கி ஒன்றாவது வைத்திருந்தார்களா என்று பார்த்தால் அடையாளமே இல்லை" என்று பெருமூச்செறிந்தார். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்குப் பிற்பட்டுப் பிறந்ததனால் ஒரு நல்ல சந்தர்ப்பம் கை நழுவிப் போன துக்கம் அதில் இருந்தது.

தொட்டில் முதன்முதலாகச் சுமந்த உபயோகமான பாரம், அண்டைவீட்டாரின் பியானோ. வீடு மாறும் அவசரத்தில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் நம் கனவான் படகை மரக்குதிரைகளின்மேல் இறக்கி வைத்துவிட்டு, ரசமட்டத்தைப் பியானோவின் தலையில் வைத்து, வீதி முழுவதும் அதன் கூடவே நடந்தார். வழியில் குமிழி நடுவைவிட்டு அசையவில்லை. அன்றிரவு அவர் பேச்சில் ஏற்பட்ட கம்பீரம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த உற்சாகத்தில்தான் என்னைக் கேட்டார்: "உங்கள் சோழமண்டலக் கரையில் செம்படவர்கள் படகை எதில் ஏற்றி வைத்து வேலை பார்க்கிறார்கள்?"

"கட்டுமரம் என்றால், மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போவார்கள், திரும்பி வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போட்டுவிடுவார்கள்" என்றேன்.

"சுரண்டுவது? பூசுவது?"

"ஒன்றும் இல்லை. காய்ந்ததும் மறுபடி கட்டிக்கொண்டு போய்விடுவார்கள்."

வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில், "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் என்னதான் செய்வார்கள்?" என்று கேட்டார்.

மனைவியாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கணவர் கொட்டகையில் தரையின் சமத்தை ஆராய்ந்துகொண்டிருந்த வருஷங்களில், அந்த அம்மாள் வீட்டில் சும்மா இருக்கவில்லை. தோழி ஒருத்தியின் படகில் சனிக்கிழமைதோறும் போய், கயிறு பிடிக்கக் கற்று, சுக்கான் பிடிக்கக் கற்று, கடைசியில் பந்தயத்திலும் கலந்துகொள்ள ஆரம்பித்துவிட்டார். இதில் கணவருக்குப் பொறாமை கிடையாது. படகோட்டம் அவருடைய துறை அல்ல. அவர் அப்போது, இந்தத் தொட்டிலை உப்புத் தண்ணீருக்குள் இறக்கினால் சக்கரத்தின் இரும்புக் குண்டுகள் துருப்பிடித்துவிடும் என்பதால், படகை ஆற்றில் இறக்குவதற்கென்றே தனியாக வேறொரு தள்ளுவண்டி செய்வதற்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு செப்டம்பர் மாதத்தில் அம்மையார் வெள்ளிக் கோப்பை ஒன்றை ஜயித்துக்கொண்டு வந்தார். கனவான் மனமாரச் சந்தோஷப்பட்டார். கோப்பையைக் கையில் வாங்கினார். தலைகீழாகத் திருப்பி அதன் அடியைப் பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அது கூடத்தில், தேக்கில் கடைந்த பீடத்தின்மேல், பச்சைக் கம்பளம் ஒட்டிய மூன்று முட்டுகளுக்கு நடுவே எழுந்தருளியது. பீடத்துக்கு அடியில் நான்கு சின்னஞ்சிறு பித்தளைச் சக்கரங்கள் இருந்தன. எதற்கென்று கேட்டேன். மெருகு போடும்போது ஜன்னல் வெளிச்சத்துக்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றார். கோப்பையைக் கவிழ்ப்பதற்கு வளையங்கள் மட்டும் இன்னும் தயாராகவில்லையாம்.