95 கலோரி மகாத்மியம்

அமெரிக்காவில் பீர் வடிப்பவர்களுக்குள் இப்படியொரு தர்மசீலர் இருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. கோதுமை பீர் என்று பெயர் வைத்த கையோடு, கோதுமை ஒரு மணிகூட வீணாகிவிடக் கூடாதே என்று மனிதர் பட்டிருக்கும் பாடு 355 மில்லி டப்பாவின் ஒவ்வொரு சொட்டிலும் தெரிகிறது. கோதுமை எங்கே தெரிகிறது என்று கேட்பவர்களுக்குச் சிக்கனத்தின் அருமை தெரியாது.

முதலில் டப்பாவின் அழகு. ஆரஞ்சுச் சுளை, தங்க நிறத்தில் கதிர், சைக்கிள் மிதிக்கும் ஒரு பெண். பீரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 95. ருசி எப்படி, மணம் எப்படி என்ற வீண் விசாரணைக்கே இடம் வைக்காமல் எண்ணைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

கண்ணாடித் தம்ளரில் ஊற்றினேன். கோதுமையில் புரதம் அதிகம் என்பதால் மற்ற கோதுமை பீர்களில் நுரை தடிமனாக எழும்பி, லேசில் இறங்காமல், மேலுதட்டில் மீசை வரைந்துவிடும். இங்கே அந்தத் தொல்லை கிடையாது. வந்த மரியாதைக்கு ஒரு தரம் தலைகாட்டிய நுரை, நான் டப்பாவைக் கீழே வைப்பதற்குள் விடைபெற்றுக்கொண்டது. கைக்குட்டை மிச்சம். மற்றவை வடிகட்டாமல், எதையோ மறைப்பதுபோல் கலங்கலாக இருக்கும். இவரிடம் ஒளிவுமறைவே இல்லை. தம்ளருக்குப் பின்னால் டப்பாவை வைத்து, அதன் பொடி எழுத்துகளை பீரின் ஊடாகவே படித்தேன். கோதுமை என்று அதில் எழுதியிருந்தது. அங்கேயாவது பார்க்கக் கிடைத்தது.

மணம், ரயிலில் அடுத்த பெட்டியில் யாரோ ஆரஞ்சு உரித்த மாதிரி. கொத்தமல்லி விதையும் சேர்த்திருப்பதாக டப்பா சொல்கிறது. இவ்வளவு அழகான டப்பா பொய் சொல்லுமா?

முதல் மடக்கில் குளிர்ச்சி. இரண்டாம் மடக்கிலும் குளிர்ச்சி. மூன்றாவதில் கொஞ்சம் சுருக்கென்றது, பிறகு ஒரு புளிப்பு, அதுவும் சங்கோஜத்தோடு ஓரமாக வந்துபோனது. விழுங்கினால் நாக்கில் எதுவும் தங்குவதில்லை. தங்கினால்தானே நினைவு வரும், நினைவு வந்தால்தானே வேறு பீரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பாவம் சேரும்?

இந்த வகை பீருக்குப் பிறந்த ஊர் பெல்ஜியத்தில் ஹூகார்டன். அங்கே இதை வடித்துவந்த கடைசி ஆலையும் 1950களில் மூடிவிட, 1960களின் நடுவில் பியேர் செலிஸ் என்பவர் கோதுமை, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டு அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். 1990களில் டெக்சஸுக்கே வந்து, ஆஸ்டினில் ஆலை வைத்தும் வடித்துக் காட்டினார். தொழிலில் அவர் பால்காரர். பால்காரராக இருந்தும் தண்ணீரின் அருமை தெரியாமலே காலத்தை ஓட்டிவிட்டார், பாவம். அந்தக் குறையை நம்மவர் நிவர்த்தி செய்திருக்கிறார்.

கணக்கில் அவர் காட்டியிருக்கும் நுட்பத்துக்குத் தனியாக ஒரு கும்பிடு போட வேண்டும். ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி. 355 மில்லியில் 4 சதவீதம் என்றால் ஏறக்குறைய 11 கிராம், அதாவது 78 கலோரி. 95இல் இது போக மிச்சம் 17. கோதுமை, பார்லி, அவை தரும் கனம், இனிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒதுக்கிய மானியம் அவ்வளவுதான். உடம்பைக் காப்பாற்ற எதைக் குறைக்கலாம் என்று யோசித்தவர், போதையை ஓரளவுக்கு மேல் தொடாமல் தானியத்தில் கை வைத்திருக்கிறார். மருத்துவர்களுக்கு இந்த யோசனை வராது.

வழிகாட்டி இல்லாமல் இல்லை. நியூயார்க்கின் ரைன்கோல்ட் ஆலையில் ஜோசஃப் ஓவேட்ஸ் என்ற வேதியியலாளர், ஈஸ்ட் தின்னாமல் விட்டுவைக்கும் மாச்சத்தை ஒரு நொதியால் உடைத்து அதையும் தின்னவைத்தார். கனம் போன அந்த பீர் 1967இல் கேப்ளிங்கர்ஸ் என்ற பெயரில் வந்து, விலைபோகாமல் ஒழிந்தது. அதே வித்தையை 1975இல் மில்லர் லைட் அமெரிக்கா முழுக்க விற்றது. ருசிக்காகக் குடிக்கிறோமா, வயிறு நிரம்பாததற்காகக் குடிக்கிறோமா என்று ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர்கள் விளம்பரத்தில் சண்டையே போட்டார்கள். மறு வருஷம், 1976இல், கலிபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் பழைய பால்பண்ணைச் சாமான்களை வைத்து நியூ ஆல்பியன் என்ற சின்ன ஆலையைத் தொடங்கினார். பெரிய ஆலைகளின் சப்பென்ற பீருக்கு எதிராக ஆளாளுக்குக் கிளம்பியதுதான் கிராஃப்ட் பீர். இத்தனை வருஷம் போராடி அந்த இயக்கம் எங்கே வந்து சேர வேண்டுமோ, அங்கேயே நம்மவர் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். கிராஃப்ட் என்பதற்கு உண்டான கூடுதல் விலையில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. கலோரி குறையலாம், கௌரவம் குறையலாமா?

ஒன்று குடித்தவருக்குக் குடித்தோமா என்று சந்தேகம் வருவது இயல்பு. அதையும் முன்கூட்டியே யோசித்து, ஆறு டப்பாவாகக் கட்டித்தான் விற்கிறார்கள். சந்தேகம் தீர நான் இரண்டாவதையும் திறந்தேன்: மொத்தம் 190 கலோரி. 5.4 சதவீத ஆல்கஹாலோடு கனமாக வரும் பழைய பாணி கோதுமை பீர் ஒரு டப்பாவுக்கு 170 சொச்சம் இருக்கும். மேற்படி 20 கலோரி, அநேகமாக, ஆலைக்காரர் தரும் கொசுறு.