இறுதிப்போட்டியில் போகும் ஃபியூஸ்

விருத்தாசலத்துச் சூளைகளில் வேகும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளில் ஒரு லோடு டெல்லிக்கு அனுப்பலாம். பெண்கள் பிரீமியர் லீக்கில் 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் புள்ளிப் பட்டியலில் முதலிடம் டெல்லி கேப்பிட்டல்ஸ்தான். நேரே இறுதிப்போட்டி, மூன்றிலும் தோல்வி. 2025இல் மும்பையிடம் தோற்றது வெறும் 8 ரன்னில். சீசன் முழுக்கப் பளிச்சென்று எரிகிற விளக்கு, கோப்பையை எடுத்து வைத்ததும் அணைந்துவிடுகிறது.

சிரிக்க நமக்கு என்ன யோக்கியதை? தோற்பதற்காவது அவர்களுக்கு ஓர் அணி இருந்தது. லீக்கின் ஐந்து அணிகளில் சென்னை கிடையாது. மதுரைப் பெண் கமலினியை 16 வயதிலேயே 1.6 கோடி ரூபாய்க்கு மும்பை ஏலத்தில் தூக்கிக்கொண்டு போனது. நம்மவர்கள் 'எங்க ஊருப் பொண்ணு' என்று ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அதற்கு ஏலத் தொகை எதுவும் கிடையாதே!