பதினைந்து குதிரைகள்

குதிரை வாங்கப் போன மந்திரி கோயில் கட்டிவிட்டு நின்ற ஊர் எங்கள் ஆவுடையார்கோவில். அரிமர்த்தன பாண்டியன் பொக்கிஷத்திலிருந்து எடுத்துக் கொடுத்த திரவியத்தோடு கீழைக் கடற்கரைக்குப் புறப்பட்ட திருவாதவூரர், அந்நாளில் திருப்பெருந்துறை என்று வழங்கிய இவ்வூரில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, கணக்கு, கஜானா, அரசன், அசுவம் யாவற்றையும் ஒருங்கே மறந்து மாணிக்கவாசகராகிவிட்டதும், அவர் பொருட்டுச் சிவபெருமானே குதிரை வியாபாரியாக வேஷம் தரித்துக் காட்டு நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிச் சென்றதும், லாயத்தில் கட்டிய அப்பரிகள் நள்ளிரவில் மறுபடி நரிகளாகி, முன்பே அங்கிருந்த நல்ல குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடிப்போனதும் தமிழர் அறிந்த கதை. பக்தர்கள் அதில் பக்தியையும் பண்டிதர்கள் சரித்திரத்தையும் தேடிக்கொள்ளட்டும். நான் அதை வாகன வியாபாரத்துக்கு ஒரு பிரமாண நூலாகவே சில காலமாகப் பாவித்து வருகிறேன். காரணம் என் மருமகன்.

சென்னையில் உத்தியோகம் பார்க்கும் அவன், இருவர் அமர்ந்தபின் மூன்றாவதாக ஒரு தேங்காய்க்கும் இடமில்லாத சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி, கம்பெனியார் பொருத்தி அனுப்பிய கறுப்பு ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் பளபளக்கும் அலுமினியக் குழாயும் அதன் முனையில் கூம்பு வடிவமான வடிகட்டியுமாக ஓர் உபகரணத்தை மாட்டிக்கொண்டு பங்குனிக் கடைசியில் ஊர் வந்து சேர்ந்தான். பெயர்பெற்ற கம்பெனிச் சரக்காயிருந்தால் பத்து மடங்கு விலையாம். இது வெறும் 3,500 ரூபாய். 15 குதிரை சக்தி கூடும் என்று அட்டைப் பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தது. வகுத்துப் பார்த்தேன்: குதிரை ஒன்று 233 ரூபாய் சொச்சம். பாண்டியன் காலத்திலிருந்து குதிரை விலை இவ்வளவு சரிந்திருக்கும் சமாசாரம் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வியந்தேன். கருங்கல்லை மரச்சட்டமும் ஆணித்தலையுமாக இழைத்துவைத்த கொடுங்கையைத் தினமும் அண்ணாந்து பார்க்கும் ஊரில் பிறந்தவனாகையால், அந்தக் குழாயின் பற்றுவைப்பைப் பார்த்துக் கொஞ்சம் கூசவும் செய்தேன்.

அவன் பக்கத்துத் தத்துவத்தை மறுப்பதற்கில்லை. பெட்ரோல் தனியாக எரிவதில்லை. எடையில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். அளந்து சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. இரண்டு லிட்டர் எஞ்சின் ஒன்று நிமிஷத்துக்கு 6,000 சுற்றில் சுழலும்போது விநாடிக்குச் சுமார் 100 லிட்டரை இழுத்துக் குடிக்கிறது. ஆகவே காற்று வரும் மார்க்கத்தை விசாலப்படுத்தினால் பலம் பெருகும் என்பது மருமகனுடைய சித்தாந்தம். மார்க்கம் குறுகலாயிருந்தால் அல்லவா விசாலப்படுத்துவதில் பிரயோஜனம்? சாலையில் ஓடும் வண்டிக்கு வேண்டிய காற்றை அந்தக் கறுப்புப் பெட்டியே தாராளமாகக் கொடுத்துவிடுகிறது. மிஞ்சியதெல்லாம், சொட்டுகிற குழாயடிக்கு அகன்ற வாய்க் குடம் வாங்கிவைக்கும் காரியந்தான். எஞ்சினைப் பிரித்துக் கட்டி, அதன் கம்ப்யூட்டருக்கும் புதுக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் இந்த வழியில் பலன் காணுவதுண்டு. டர்போ வண்டிகளிலும் கொஞ்சம் கிட்டும். அவர்களில் ஒருவரும் 233 ரூபாய்க்குக் குதிரை வாங்கியவர்கள் அல்லர்.

இதைவிடப் பெரிய சங்கடம் உஷ்ணம். பெட்டி அவலட்சணமானதுதான், ஆனால் அது முகப்பு ஓரத்திலிருந்து வெளிக்காற்றைக் கொண்டுவரும். கூம்போ, பானட்டுக்குள் எஞ்சினுக்கு எதிரே திறந்த மேனியாய் உட்கார்ந்து, எஞ்சின் விட்ட அனலையே திரும்பக் குடிக்கிறது. 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறிய காற்று, அடர்த்தியில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடும். அந்த அளவுக்குப் பலமும் குறையும். எங்கள் கோயிலில் லிங்கத் திருமேனி இல்லை, ஆவுடை மட்டுமே. நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. வடித்த புழுங்கலரிசிச் சோற்றைச் சந்நிதிக்கு முன்னுள்ள கல்லில் சுடச்சுடப் பரப்பிக் கீரையும் பாகற்காயும் சேர்த்துப் படைக்க, மேலெழும் ஆவியே சுவாமிக்கு நிவேதனம். ஆவியை உட்கொண்டு அகிலத்தை இயக்குவது ஆத்மநாதருக்குச் சாத்தியம். நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு அந்த மகிமை கிடையாது.

அறந்தாங்கிச் சாலையில் என்னை ஏற்றிக்கொண்டு போய்ப் பரீட்சித்துக் காட்டினான். கறுப்புப் பெட்டிக்குச் சத்தத்தை அடக்கும் வேலையும் உண்டாகையால், அது போனபின் ஆக்ஸிலேட்டரை மிதித்த மாத்திரத்தில் எழுந்த உறுமலில், கருவேல நிழலில் படுத்திருந்த வெள்ளாடுகள் யாவும் ஏககாலத்தில் எழுந்து நின்றன.

"இழுவை தெரியுதா, மாமா?"

"சத்தம் நல்லாத் தெரியுது, மாப்பிள்ளை."

காது கேட்டதை உடம்பு நம்பிவிடுகிறது என்பதை அன்று பிரத்தியட்சமாகக் கண்டேன். எனக்கே பத்து வயது குறைந்தாற்போல் இருந்தது. முன்னே போன டவுன் பஸ்ஸுக்கும் எங்களுக்கும் இருந்த தூரம் மட்டும் குறையவில்லை.

அறந்தாங்கியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர், பேச்சில் சிக்கனமானவர், பானட்டைத் திறந்து, கூம்பைத் திருகி எடுத்து, அதற்கு அப்பால் எஞ்சினை நோக்கிப் போகும் குழாயின் உட்புறத்தில் விரலை விட்டுத் துடைத்து, அந்த விரலை எங்கள் முன் நீட்டினார். விபூதி இட்டுக்கொள்ளப் போதுமான செம்புழுதி அதில் இருந்தது. "இது வடிகட்டிக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டிய மண்ணு, அப்பு" என்றார். பிறகு, குழாய் அகலம் மாறியதால் காற்றை அளக்கும் சென்சார் கணக்குத் தப்புகிறது என்பதையும், வடிகட்டியில் தடவியிருக்கும் எண்ணெய் அதன் மெல்லிய கம்பியில் படிந்தால் கணக்கு மேலும் கெடும் என்பதையும் நாலு வார்த்தையில் முடித்துவிட்டு, உற்சாகமாகச் சுயசரிதைக்கு வந்தார். 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிளில், இவ்வட்டாரத்து வாலிபர்கள் ஏர் ஃபில்டரைப் பிடுங்கிவிட்டு, கார்புரேட்டரில் ஜெட்டை மாற்றாமலே ஓட்டி, பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறி, புழுதியில் சிலிண்டரும் தேய்ந்து வருவார்களாம். "ரீபோர் வேலையிலேதான்யா இந்தப் பட்டறைக்குக் கான்கிரீட் போட்டேன்" என்றார் நன்றியோடு.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கும் ஒரு விஷயத்தை மருமகனுக்குச் சொன்னேன். இந்நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடிருப்பதில்லை. பராமரிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. குதிரை வியாபாரிகளோ, லாடம் அடித்து வைத்தியம் பார்க்கத் தெரிந்த ஒருவனையும் இந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அடுத்த ஆண்டு விற்பனை படுத்துவிடக் கூடாதல்லவா? மருமகன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். அவனுடைய சித்தமெல்லாம் மெக்கானிக்கின் விரலில் இருந்தது.

பழைய பெட்டியையே மாட்டிவிடலாம் என்று தீர்மானமாயிற்று. அது எங்கே என்றார் மெக்கானிக். குழாய் விற்ற கடைக்காரர், "இனி உங்களுக்கு இது எதற்கு சார், இடத்தை அடைக்கும்" என்று சொல்லி, 200 ரூபாய் தள்ளுபடி கொடுத்து அதை வாங்கி வைத்துக்கொண்டாராம். அங்கிருந்தே போன் செய்தான். பெட்டி பத்திரமாக இருந்தது. ஒரிஜினல் சரக்கு, மார்க்கெட்டில் கிடைப்பதில்லை, தேடி வருகிறவர்கள் அதிகம், தெரிந்தவர் என்பதால் 6,000-க்குத் தருகிறேன் என்றார் கடைக்காரர்.