முள்ளெலியார் பதில்கள்: மேலே, மேலே, கீழே, கீழே

போன மாதம் ஒரு பதிலின் நடுவே, “நான் வீடியோ கேம் பத்திரிகை படித்து வளர்ந்தவன்” என்று கை தவறி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைக் கட்டிக்கொண்டு போக சைக்கிள் கரியர் போதவில்லை. ஆகவே இம்மாதம் முழுக்க அதுதான். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அரசியல்வாதிகள் அடுத்த மாதமும் இருப்பார்கள்.

முன்னாள் மரியோ, உடப்பு
கே: 1991இல் சிலாபத்தில் வீடியோ கேம் பத்திரிகையா? கதை விடாதீர்கள்!

ப: கதை இல்லை அண்ணே, கடதாசி. வென்னப்புவ, மாரவிலப் பக்கத்துச் சனம் இத்தாலிக்கு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் போனார். அவர் அனுப்பிய முதல் பெட்டியில் ஆறு கண்ணாடிக் குவளைகள். உடையாமல் இருக்க ஒவ்வொன்றையும் வழவழப்பான வர்ணத் தாளில் சுற்றியிருந்தார். குவளைகள் அலுமாரிக்குப் போயின, தாள்கள் எனக்கு வந்தன. எல்லாம் ஒரே பத்திரிகையின் தாள்கள். இத்தாலி மொழி, ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் நடுத்தாளில் நீல நிற முள்ளெலி ஒன்று சிவப்புச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து விரலை ஆட்டியது. என் புனைபெயருக்கு அர்த்தம் கேட்டு எழுதிய பதினொரு பேருக்கும் இதுவே பதில்.

கணக்குப்பிள்ளை, மாதம்பை
கே: விலை என்ன இருக்கும்?

ப: பிரித்தானியப் பத்திரிகைகள் இரண்டு பவுண் அளவில் விற்றன. அப்போது ஒரு பவுண் 70 ரூபாவைத் தாண்டியிருந்தது. கொழும்பு டி.ஆர்.விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் அதே பத்திரிகை 15 ரூபா, அதுவும் அட்டை இருந்தால். அட்டை இல்லாவிட்டால் 10. நான் வாங்கியதெல்லாம் அட்டையில்லா அநாதைகள். எந்த ஆண்டு, எந்த மாதம் என்று தெரியாது. அதனால் எல்லாமே எனக்குப் புது இதழ்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், புத்தளம்
கே: கையில் விளையாட்டு இல்லாமல் விளையாட்டுப் பத்திரிகை படிப்பது, பசித்தவன் சமையல் குறிப்பு படிப்பது போல இல்லையா?

ப: அதேதான் சேர். ஆனால் குறிப்பில் உப்புக் கூடிப்போவதில்லையே!

எங்கள் வீட்டில் இருந்தது டீவி கேம். ஜப்பானின் நின்டெண்டோ ஃபேமிகொமைப் பார்த்து யாரோ செய்த நகல். ஒரே கசெட்டில் 9999999 விளையாட்டு என்று ஒட்டியிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டுதான், மற்றதெல்லாம் அதே மரியோ வேறு வேறு இடத்தில் தொடங்குவார். சோனிக் ஓடியதோ சேகாவின் மெஷினில். அது சிலாபத்தில் யாரிடமும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆகவே பத்திரிகையில் இருந்த ஏழெட்டுச் சின்னப் படங்களை வைத்துச் சதுரக் கொப்பியில் முழுப் பாதையையும் நானே வரைந்தேன். இரண்டு படத்துக்கு நடுவில் என்ன இருக்கும் என்பது என் பொறுப்பு. எங்கள் களப்பு, ரயில் பாலம், தென்னந்தோப்பு எல்லாவற்றையும் போட்டேன். பேனா மூடியை சோனிக்காக்கி, வகுப்பில் பின்வாங்கில் இருந்து ஒரு தவணை முழுக்க ஓட்டினேன். பதினைந்து ஆண்டு கழித்து அசல் சோனிக்கைக் கொம்பியூட்டரில் விளையாடக் கிடைத்தது. நல்ல விளையாட்டுத்தான். ஆனால் களப்பு இல்லை.

வாயாடி, சிலாபம்
கே: உங்களுக்கு இந்தக் குத்தல் பதில் எழுதும் புத்தி எங்கிருந்து வந்தது?

ப: இரண்டு குருமார். ஒருவர் நம்மவர்: ‘சிரித்திரன்’ சிவஞானசுந்தரம், ‘மகுடி’ என்ற பெயரில் பதில் எழுதியவர். மற்றவர் ‘மீன் மெஷின்ஸ்’ பத்திரிகையின் ‘மீன் யோப்’. பெயரைப் பார்த்து மீன் சந்தை என்று நினைக்க வேண்டாம், ஆங்கிலத்தில் அது ‘பொல்லாத’ என்று பொருள்படும் ‘மீன்’. கடிதம் எழுதிய வாசகரையே திட்டுவதுதான் அவர் வேலை. திட்டு வாங்கவென்றே சனம் காசு கொடுத்து முத்திரை ஒட்டி எழுதியது. அந்தப் பத்திரிகை 1990 ஒக்டோபரில் தொடங்கி, 24 இதழோடு இரண்டாகப் பிரிந்து, சேகாவுக்கு ஒன்று, நின்டெண்டோவுக்கு ஒன்று என்று ஆனது. தமிழ்க் கட்சிகளுக்கு மட்டும்தான் பிரியத் தெரியும் என்று நினைத்தீர்களா?

ஸ்டூடியோக்காரர், பங்கதெனிய
கே: அந்தக் காலத்தில் கேம் படங்களை எப்படி எடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள்?

ப: உங்கள் தொழில்தான் அண்ணே. அறையை இருட்டாக்கி, டீவிக்கு முன்னால் முக்காலியில் கமராவை வைத்து, ஃபிலிமில் எடுத்தார்கள். பழைய குழாய் டீவி, படத்தைக் கோடு கோடாக மேலிருந்து கீழே வரையும்; எங்கள் நாட்டு முறையிலும் பிரித்தானிய முறையிலும் விநாடிக்கு 25 முழுப் படம். ஷட்டர் அதைவிட விரைவாக மூடினால் பாதிப் படம் வரையப்படும்போதே எடுபட்டு, குறுக்கே கறுப்புப் பட்டி விழும். ஷட்டரை மெதுவாக்கினால் ஓடும் ஆள் கலங்குவான். அதனால் ஒருவர் விளையாட, சரியான இடத்தில் நிறுத்த, மற்றவர் படம் எடுக்க வேண்டும். அந்தப் படங்களில் மரியோ எப்போதும் அந்தரத்தில் தொங்குவது இதனால்தான். அதே முறையில் கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை டீவியில் இருந்து படம் பிடிக்கப் போய், நான் ஒரு முழு ரோலைப் பாழாக்கினேன். எல்லாப் படத்திலும் பட்டி. அரவிந்த பாதி, கறுப்பு பாதி.

கராத்தே தம்பி, முந்தல்
கே: அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்பி ஏமாந்ததுண்டா?

ப: உண்டு தம்பி, அதுவும் காசு செலவழித்து.

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ 1991இல் வந்த சண்டை விளையாட்டு. அதில் ரியூ என்ற வீரன் வென்றதும், “ஷெங் லோங்கைத் தோற்கடிக்காவிட்டால் உனக்கு வாய்ப்பில்லை” என்ற பொருளில் ஒரு வசனம் விடுவான். யார் இந்த ஷெங் லோங் என்று உலகமே தேடியது. உண்மையில் அப்படி ஓர் ஆள் இல்லை. ஜப்பானிய மூலத்தில் இருந்தது ‘ஷோர்யூகென்’, ரியூ எகிறிக் குத்தும் குத்தின் பெயர். மொழிபெயர்த்தவர் அந்த எழுத்துக்களைச் சீன உச்சரிப்பில் வாசித்துவிட்டார். ஒரு குத்து, ஆளாகிவிட்டது.

1992 ஏப்ரலில் அமெரிக்காவின் ‘எலெக்ட்ரோனிக் கேமிங் மந்த்லி’ பத்திரிகை அந்த ஆளுக்கு முகமும் கொடுத்தது. ரியூவாக விளையாடி, ஓர் அடியும் வாங்காமல் கடைசி வில்லனிடம் போய், அங்கே அடிக்காமல் அடிபடாமல் சுற்றுக்குச் சுற்று இழுத்தடித்தால் ஷெங் லோங் வருவார் என்று படத்தோடு போட்டார்கள். ஏப்ரல் பகிடி. எனக்குக் கிடைத்த பிரதிக்குத்தான் அட்டை இல்லையே, ஏப்ரல் என்று எப்படித் தெரியும்? கொழும்பில் ஒரு கடைத்தொகுதி மெஷினில், அம்மா நெத்தலி வாங்கத் தந்த காசு முழுவதையும் போட்டேன். ஷெங் லோங் வரவில்லை. அம்மா வந்தார்.

கொன்ட்ரா வீரன், ஆராச்சிக்கட்டு
கே: மேலே, மேலே, கீழே, கீழே, இடம், வலம், இடம், வலம், பி, ஏ. இதை எந்தப் பத்திரிகையில் படித்தீர்கள்?

ப: எதிலும் இல்லை. சிலாபம் பஸ் நிலையத்தில் புத்தளம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பொடியன் சொன்னான். பஸ் வந்ததால் ‘பி, ஏ’வை யன்னலால் கத்திவிட்டுப் போனான். கொன்ட்ரா விளையாட்டில் இதை அடித்தால் முப்பது உயிர். சித்திரகுப்தனுக்கே கணக்குத் தப்பும்.

இந்த வரிசையைச் செய்தவர் கொனாமி நிறுவனத்தின் கஸுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் ‘கிராடியஸ்’ விளையாட்டை வீட்டு மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, சோதித்துப் பார்க்க அதை அவராலேயே முடிக்க முடியவில்லை. தனக்கு வசதியாக ஒரு குறுக்குவழி வைத்தார். அது உள்ளேயே இருந்துவிட்டது. 2020இல் காலமானார். தான் செய்ததைத் தன்னாலேயே முடிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்ட மனிதரை நான் வேறு எந்தத் தொழிலிலும் கண்டதில்லை.

பைலாப் பிரியன், மாரவில
கே: பத்திரிகையோடு இலவசமாக ஏதாவது கிடைக்குமா?

ப: ‘யுவர் சின்கிளேர்’ என்ற பத்திரிகையின் அட்டையில் கசெட் ஒன்றை ஒட்டிக் கொடுப்பார்கள். எப்படியோ ஒன்று என் கைக்கு வந்தது. வீட்டில் சின்கிளேர் கொம்பியூட்டர் ஏது? அப்பா, “இங்கிலீஷ் பாட்டு” என்று ரேடியோவில் போட்டார். “கீ....ர்ர்ர்ர்!” நாய் வெளியே ஓடிவிட்டது. விளையாட்டு முழுவதும் ஒலியாகவே நாடாவில் பதிந்திருக்கும். பூச்சியத்துக்குக் குட்டைத் துடிப்பு, ஒன்றுக்கு நெட்டைத் துடிப்பு. கொம்பியூட்டர் அதைச் சில நிமிடம் கேட்டுக்கொண்டிருந்துதான் படத்தைக் காட்டும். அப்பாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. கசெட்டின் உடைந்திருந்த காதின் மேல் டேப் ஒட்டி, அதில் பைலா பதிந்தார். அந்தப் பத்திரிகை 1993 செப்டம்பரில் 93ஆவது இதழோடு நின்றது. எங்கள் பைலா கசெட் அதைவிடச் சில வருடம் கூட ஓடியது.

கிரிக்கெட் பைத்தியம், நாத்தாண்டிய
கே: விளையாட்டுக்களுக்குப் புள்ளி போடுவார்களாமே, நேர்மையாகப் போட்டார்களா?

ப: விளம்பரம் தருபவரும் விளையாட்டை விற்பவரும் ஒருவரே என்றால் நேர்மைக்கு மூச்சு முட்டத்தான் செய்யும். பல பத்திரிகைகளில் 70 சதவீதம் என்றால் மோசம் என்று பொருள். நின்டெண்டோவோ 1988இல் ‘நின்டெண்டோ பவர்’ என்று தானே ஒரு பத்திரிகை தொடங்கியது, அது 2012 வரை ஓடியது. தன் மீன் நாறுகிறது என்று எந்த மீன்காரி சொல்வாள்? இந்தப் புள்ளி வழக்கத்தை மறுத்து நின்றது ‘அமிகா பவர்’ பத்திரிகை. 50 என்றால் நடுத்தரம், அவ்வளவுதான் என்று அடம்பிடித்தது. ஒரு ரக்பி விளையாட்டுக்கு நூற்றுக்கு 2 போட்டது. எனக்குத் தெரிந்து அந்த அளவுக்குக் கஞ்சத்தனம் எங்கள் கணித ஆசிரியரிடம் மட்டுமே இருந்தது.

அக்கா, கற்பிட்டி
கே: இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்தானே?

ப: விளம்பரங்கள் அப்படித்தான் நினைத்தன அக்கா. ஆனால் 1980களின் கடைசியில் அதே ‘யுவர் சின்கிளேர்’ ஆசிரியர் நாற்காலியில் இருந்தவர் டெரீசா மோன் என்ற பெண். எங்கள் வீட்டிலும் கொன்ட்ராவைக் கடைசிவரை முடித்தது தங்கச்சி. முப்பது உயிர் கேட்காமலே.

தட்டச்சு மாணவன், புத்தளம்
கே: கொம்பியூட்டர் வகுப்பில் நாங்கள் விளையாடிய ‘டேஞ்சரஸ் டேவ்’ ஞாபகம் இருக்கிறதா?

ப: அது பத்திரிகைக் குழந்தை, தெரியுமா? தாளுக்குப் பதில் ஃப்ளொப்பியில் வந்த ‘அப்டைம்’ என்ற வட்டுப் பத்திரிகைக்காக 1988இல் ஜோன் ரொமேரோ எழுதியது. பின்பு அவர் லூசியானாவில் ‘சொஃப்ட்டிஸ்க்’ என்ற இன்னொரு வட்டுப் பத்திரிகையில் சம்பளத்துக்கு இருந்தார். அங்கே கூட வேலை செய்தவர்களோடு 1991இல் தனிக்கடை போட்டார். 1993 டிசம்பரில் அந்தக் கடையில் இருந்து வந்ததுதான் ‘டூம்’. பத்திரிகைக்காரன் உருப்பட மாட்டான் என்று என் மாமனார் சொல்லும்போதெல்லாம் ரொமேரோவை நினைத்துக்கொள்வேன்.

தமிழ்ப்பற்றாளன், சிலாபம்
கே: தமிழில் ஏன் அப்படி ஒரு பத்திரிகை அப்போது வரவில்லை?

ப: எல்லாம் நகல் மெஷின், விளம்பரம் தர நிறுவனம் இல்லை என்று சொல்லித் தப்பலாம். ஆனால் ரஷ்யாவின் ‘டெண்டி’யும் நகல்தான், அதற்கு 1993இலேயே பத்திரிகை இருந்தது. எங்கள் காரணம் வேறு. அதே ஆண்டுகளில் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பட்டரி கொண்டுபோகவும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். எங்கள் நாட்டுத் தமிழ் வாசகரில் பெரும் பங்கு அங்கே இருளில் இருந்தபோது, வீடியோ கேம் பத்திரிகையை யாருக்கு அச்சடிப்பது?

இணையப் புழு, வென்னப்புவ
கே: அந்த இதழ்களை இப்போது பார்க்க வழி உண்டா?

ப: உண்டு. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2025 ஜனவரியில் தன் இணைய நூலகத்தைத் திறந்தது. நின்றுபோன கேம் பத்திரிகைகளின் இதழ்கள் 1,500க்கு மேல், சொல் தேடும் வசதியோடு, இலவசம். 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த விளையாட்டுக்களில் 87 சதவீதம் கடையில் கிடையாது என்று 2023இல் கணக்குச் சொன்னதும் அவர்களே. சில விளையாட்டுக்களுக்கு இன்று பத்திரிகைப் படம்தான் மிச்சம். சதுரக் கொப்பிப் படிப்பு எனக்கு வீண் போகவில்லை.

என்னிடம் இருந்த ஒரு பிரதியில் ஒரு தாள் கிழிபட்டிருந்தது. இரகசியங்கள் பகுதிக்கு அடுத்த தாள். அதில்தான் எல்லாம் இருந்திருக்கும் என்று முப்பது வருடம் நம்பினேன். இணையத்தில் அதே இதழைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். இரு பக்கமும் ஜோய்ஸ்டிக் விளம்பரம்.

ஒரு தாய், ஆராச்சிக்கட்டு
கே: வீட்டில் பரணைத் துப்பரவு செய்கிறோம். உங்களுக்கு ஏதும் வேண்டுமா?

ப: வேண்டும் தாயே. அந்தக் காலத்தில் பாடப் புத்தகங்களுக்கு உறை போட எங்களுக்கு வழவழப்பான வெளிநாட்டுத் தாள்தான் பெருமை. என் பத்திரிகைகளில் பாதி அப்படித்தான் போயிற்று. வகுப்பில் தாளுக்கு ஒரு ரூபா என்று விற்றவனும் நானே. சமய பாடப் புத்தகத்தின் மேல் மரியோ, வரலாற்றின் மேல் ரியூ. சிலாபத்திலும் சுற்றிலும் உள்ள பரண்களில் அவை இன்னும் கிடக்கலாம். போத்தல், பேப்பர்காரருக்குப் போடுமுன் பழைய புத்தகங்களின் உறையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். நீல முள்ளெலி விரலை ஆட்டினால் எனக்குத் தபாலில் அனுப்புங்கள். முத்திரைச் செலவு என்னுடையது.