குடும்பத் தலைவர் சொன்ன மதம்

2001 பிப்ரவரியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு சென்சஸ் டியூட்டி. பகலில் வகுப்பு, சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடை. படிவத்தில் மதத்துக்கு ஒரு கட்டம். இந்து 1, முஸ்லிம் 2, கிறிஸ்தவர் 3, சீக்கியர் 4, பௌத்தர் 5, சமணர் 6. வேறு மதம் என்றால் பெயரை முழுமையாக எழுத வேண்டும், எண் கிடையாது.

பயிற்சியில் சொன்ன விதி எனக்குப் பிடித்திருந்தது. குடும்பத் தலைவரின் மதம்தான் வீட்டில் எல்லாருக்கும் என்று வைத்துக்கொள்ளாதே, ஒவ்வொருவர் மதத்தையும் தனித்தனியாகக் கேள், அவர் சொல்வதை அப்படியே எழுது, மதம் இல்லை என்றால் அதையும் எழுது. இதைவிட நேர்மையான விதி இருக்க முடியாது. தெருவில் நடந்தது வேறு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், “எல்லாருக்கும் ஒண்ணே போட்டுக்கோங்க டீச்சர்” என்பார். ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம்கூடக் கிடைக்காத கணக்கெடுப்பாளர் அதையே போட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார்.

நாகர்கோவில் பக்கம் ஒரு வீடு. மாமனார் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மருமகள் பெயர் வந்ததும், “அவங்களே சொல்லட்டும் அண்ணாச்சி” என்றேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிலைப்படி வரை வந்தார் அந்தப் பெண். “கல்யாணத்துக்கு முன்னாடி கோயிலுக்கு, அதான் சர்ச்சுக்கு, போவேன். இப்பவும் ராத்திரி ஜெபம் பண்ணாம படுக்க மாட்டேன். ஆனா இந்துன்னே எழுதிருங்க டீச்சர்.” அவர் சொன்னபடியே 1 என்று எழுதினேன். அவர் சொன்ன மூன்று வாக்கியங்களில் கடைசி வாக்கியத்துக்கு மட்டும்தான் படிவத்தில் இடம் இருந்தது.

1948ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 8ஆம் பிரிவு, கணவன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயத்திலிருந்து பெண்ணுக்கு விலக்கு தருகிறது. அந்தக் காலத்துப் பெண்ணின் தயக்கத்தை மதித்த சட்டம் அது. அதே பெண் தன் தெய்வம் எது என்று மாமனார் காதில் விழாமல் சொல்ல இன்றுவரை ஒரு வழி செய்து தரவில்லை.

இன்னொரு தெருவில் சுவரில் மாதா படம், சாயம் போன கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் இறக்காமல் வாசலில். சர்டிபிகேட்டில் இந்து. “பிள்ளைங்க படிப்பு இருக்குல்ல டீச்சர்” என்றார் அந்தத் தாய், குரலைத் தாழ்த்தி. பட்டியல் சாதியினர் யார் என்று வரையறுத்த 1950ஆம் ஆண்டு ஆணைப்படி, சில சீக்கியச் சாதிகள் நீங்கலாக, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் எல்லாச் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் என்று சொன்ன நொடியில் பட்டியல் சாதிக் கட்டம் அடைபட்டுவிடும். சென்சஸ் பதிவை எவரும் பார்வையிட முடியாது, சாட்சியமாகக் கொண்டுவரவும் முடியாது என்று சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. அதை அந்தத் தாய்க்கு யார் சொன்னார்கள்? நான் சொன்னேன். நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உண்மையைச் சொன்னால் பிள்ளையின் படிப்பு போய்விடும் என்று அஞ்ச வைத்துவிட்டு மதத்தைக் கேட்டால், கிடைப்பது மதக் கணக்கு அல்ல.

2011 கணக்கைப் பாருங்கள். சமணர் சுமார் 44 லட்சம். அவர்களுக்கு எண் உண்டு. ஜார்க்கண்ட் பக்கத்துப் பழங்குடி மக்கள் எண்ணே இல்லாத கட்டத்தில் தங்கள் மதத்தின் பெயரைச் ‘சர்னா’ என்று முழுமையாக எழுத வைத்தார்கள். 49 லட்சத்துக்கும் அதிகமானோர். எண் உள்ளவர்களைவிட எண் இல்லாதவர்கள் அதிகம். நாடு முழுக்க மதம் குறிப்பிடாதவர்கள் 28 லட்சத்துக்கும் மேல். நாத்திகர் என்று பதிவானவர்களோ வெறும் 33 ஆயிரம் சொச்சம். பெரியார் அரை நூற்றாண்டு ஊர் ஊராகப் பேசிய மண்ணும் சேர்ந்த நாட்டில் இவ்வளவுதானா? நான் நம்பவில்லை. ‘மதம் இல்லை’ என்பதற்கு ஒரு எண் கொடுத்திருந்தால் கேட்பவர் கண்ணிலாவது பட்டிருக்கும். இங்கிலாந்து, வேல்ஸில் 2001இல் மதக் கேள்வியைச் சேர்த்தபோது, விரும்பினால் பதில் சொல்லலாம் என்று வைத்தார்கள். ‘மதம் இல்லை’ என்பதை முதல் கட்டமாக அச்சிட்டார்கள். அங்கே அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 2021இல் 37 சதவீதம்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்ட சென்சஸ், செல்போன் செயலியில். எல்லாச் சாதியையும் கேட்கப் போகிறார்கள். கணக்கெடுப்பாளருக்குக் காத்திராமல் குடும்பமே தன் விவரத்தைப் பதிந்துகொள்ளலாம். வசதிதான், வரவேற்கிறேன். என் கவலை ஒன்றே ஒன்று. செல்போன் யார் கையில் இருக்கும்? திண்ணைப் பெரியவரின் மகன் கையில். வீட்டில் இருக்கும் ஆறு பேர் மதத்தையும் அவரே தட்டிவிடுவார். “அவங்களே சொல்லட்டும்” என்று சொல்ல அந்த நேரத்தில் வாசலில் ஒரு டீச்சர்கூட இருக்க மாட்டார்.

பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் மதக் கேள்விக்குத் தனியாக, தன் செல்போனிலோ கணக்கெடுப்பாளரிடமோ, பதில் சொல்ல வழி வேண்டும். பிறந்த மதம் எது, இப்போது கடைப்பிடிப்பது எது என்று இரண்டாகக் கேட்க வேண்டும். அந்த மருமகளின் மூன்று வாக்கியங்களும் அப்போதுதான் பதிவாகும். ‘மதம் இல்லை’, ‘சொல்ல விருப்பமில்லை’ இரண்டுக்கும் எண் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், மதத்தைச் சொன்னால் பட்டியல் சாதிக் கட்டம் அடைபடும் முறையைப் படிவத்திலிருந்து எடுக்க வேண்டும். யாருக்குச் சலுகை என்பதை நாடாளுமன்றமும் நீதிமன்றமும் முடிவு செய்யட்டும். எண்ணுகிறவர் வேலை எண்ணுவது.

அதெல்லாம் நடக்கும்வரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் விவரங்களைப் பதிபவர் நீங்கள் என்றால், மதக் கேள்வி வந்ததும் அம்மாவிடம், மனைவியிடம், வளர்ந்த பிள்ளையிடம் ஒவ்வொருவராகக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை மட்டும் பதியுங்கள்.