பிரியோஷ்காரர்

ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு வெள்ளிக்கிழமையே அழைக்கிறவர் பிரியோஷ்காரராகத்தான் இருப்பார். நல்ல மனிதர், தாராளமாகப் போகலாம். வீட்டில் இரண்டு இட்லியை உள்ளே தள்ளிவிட்டுப் போவது உத்தமம்.

பிரியோஷ் என்பது பிரான்சு நாட்டு பன். 500 கிராம் மைதாவுக்கு 250 கிராம் வெண்ணெய், 5 முட்டை, கொஞ்சம் ஈஸ்ட், சர்க்கரை, உப்பு. அந்த வெண்ணெய் உருகாமல் மாவோடு கலக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். சென்னை அபார்ட்மென்டில், மே மாதத்தில், மேடையில் வைத்த வெண்ணெய் நெய்யாகிவிடவே துடிக்கும். ஆகவே மாவு பிசைவது படுக்கையறையில், ஏ.சி.யை 18-இல் வைத்து. அவர் மனைவி கழுத்துவரை போர்த்திக்கொண்டு, மாவு பிசையும் மிஷின் சத்தத்தில் தூங்கப் பழகியிருக்கிறார்.

பிசைந்ததும் ஒரு துண்டைக் கிள்ளி, விளக்குக்கு நேரே பிடித்து இழுப்பார். கிழியாமல் மெல்லிசாகி, வெளிச்சம் தெரிந்தால் பதம் வந்துவிட்டது. தெருமுனைப் பரோட்டா மாஸ்டர் இதே வித்தையை நாளெல்லாம் கல்லில் வீசிக்கொண்டிருக்கிறார். யாரையும் கூப்பிட்டுக் காட்டுவதில்லை. இவர் மனைவியை எழுப்பிக் காட்டுவார்.

பிறகு மாவு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். அதற்கு இடம் விட்டு தோசைமாவுப் பாத்திரம் வெளியேறும். விடிவதற்குள் அது பொங்கி மேடையெல்லாம் வழிந்திருக்கும். அதைப் பற்றி அந்த வீட்டில் பேசக் கூடாது.

எட்டரைக்குப் போனால், “இன்னும் பதினஞ்சே நிமிஷம், ஒரு சுத்து உப்பட்டும்” என்பார். உப்பும் வரை சரித்திரம் நடக்கும். ‘ரொட்டி இல்லாவிட்டால் பிரியோஷ் சாப்பிடட்டும்’ என்று சொன்னதாகப் பழி சுமக்கும் பிரான்சு ராணி மரி அந்துவனெத் நிரபராதி என்று நிரூபிப்பார். தத்துவஞானி ரூசோ அந்தக் கதையை எழுதியபோது அந்த அம்மாள் ஆஸ்திரியாவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியாம். உண்மைதான். ஆனால் வெறும் வயிற்றில் கேட்கும்போது யாராவது ஒருவரைக் குற்றவாளியாக்கியே தீரவேண்டும் போலிருக்கும்.

பத்தரைக்கு பன்கள் மேல்பூசிய முட்டை பளபளக்க வெளியே வரும். கை நீட்டினால், “சூட்டோட பிய்க்காதீங்க சார், ஆறணும்” என்பார். மறுபடி அரை மணி. அதற்குள் அவற்றை ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்து, நின்றும் குனிந்தும் படம் எடுத்து முடிப்பார்.

ருசியில் குறை சொல்ல முடியாது. வாயில் வைத்ததும் கரைகிறது; அதுதான் வயிற்றெரிச்சல். நன்றாக இல்லாவிட்டால் அடுத்த வாரம் தப்பித்திருக்கலாம்.

அவருடைய அம்மா ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “ஏண்டா, இது டீக்கடை பன் பட்டர்தானே?”

“அதுல வெண்ணெய் நடுவுல இருக்கும்மா. இதுல மாவுக்குள்ளயே இருக்கு.”

“அப்ப மேல தடவ எங்கே?”

பதிலுக்குக் காத்திராமல் அம்மா பன்னை டிகிரி காபியில் முக்குவார். இவர் பதறி வாயைத் திறப்பார். பிரான்சிலும் காலையில் காபியில் முக்கித்தான் சாப்பிடுகிறார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் முகம் மலர்ந்து நம் பக்கம் திரும்புவார்: “பாத்தீங்களா, அம்மா பாரிஸ்காரங்க மாதிரியே சாப்பிடறாங்க!”

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். “மத்தியானச் சாப்பாடும் இதானா, இல்ல ரசம் வைக்கட்டுமாடா?”